நாற்பது ஏக்கருக்கு ஒரு குளியலறைக் குழாய்

சேசு மரி சூசை துணை

நன்னிலம் தாலுகா, நம் ஊர்.
ஜூலை, ஞாயிறு பூசை முடிந்த பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த குழந்தைராஜ் மாமா அவர்களுக்கு,

உங்கள் கூடப்பிறந்த தங்கை அமலியின் நாற்றங்காலைக் காயப் போட்டது நீங்கள்தான்.

எழுதுவது அவர் மகன் ஆன்டோ. இங்கே அம்மா நலம், நான் நலம், சினைமாடும் நலம். நாற்று மட்டும் நலமில்லை. டெக்சாஸில் நீங்களும் ஜாய்ஸ் அத்தையும் நலம் என்பது குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் நீங்கள் போடும் வீடியோக்களில் தெரிகிறது. நேற்று வந்தது ‘வரி என்பது சட்டம் போட்டுச் செய்யும் திருட்டு’. மாதா கிருபையால் அதையும் கடைசி வரை பார்த்தேன். வாட்ஸப்பில் எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

ஏப்ரலில் திருவிழாவுக்கு வந்தீர்கள். சப்பரம் கோயிலுக்குள் போன கையோடு மேடையேறி மைக்கைப் பிடித்தீர்கள். “எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்துக்கிட்ட கைநீட்டுறத மொதல்ல நிறுத்துங்க. எல்லையில பட்டாளம், ஊர்ல போலீஸ், வழக்குக்குக் கோர்ட்டு. அரசாங்கத்தோட வேலை அதோட முடிஞ்சுது. குடும்பம் செய்ய முடிஞ்சத ஊர் செய்யக் கூடாது, ஊர் செய்ய முடிஞ்சத அரசாங்கம் செய்யக் கூடாது. நம்ம திருச்சபை சொல்றதும் இதத்தான். நம்மகிட்ட வரிய வாங்கி, பாதியத் தின்னுட்டு, மீதியில நமக்கே ஒரு வாய்க்கால வெட்டி, அதுக்கு ஒரு போர்டும் வப்பான். நம்ம வாய்க்கால நாமளே வெட்டிக்கிட்டா கையா தேஞ்சுபோகும்?” என்று கேட்டீர்கள். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன் மாமா, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் போர்டு பற்றிச் சொன்னது சத்தியம். போனமுறை நம் வாய்க்காலைத் தூர்வாரியதற்கு அடையாளமாக மிஞ்சியிருப்பது அந்தப் போர்டு ஒன்றுதான், அதுவும் நீங்கள் பேசும்போது மேடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேடையும் மைக்கும் தலைக்கட்டு வரியில் வந்தவை, வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் போட்டது, கட்டாதவன் வீட்டு வாசலில் சப்பரம் நிற்காது. அதை நீங்களும் கட்டினீர்கள். பேனரில் உங்கள் படமும் வந்தது. கட்டியவன் படத்தைப் பேனரில் போட்டுவிட்டால் அதற்குப் பெயர் வரியில்லை போலிருக்கிறது.

இந்த வருடம் அரசாங்கத்தின் தூர்வாரும் பட்டியலில் நம் வாய்க்காலும் இருந்தது. உங்கள் பேச்சில் சூடேறிப்போன தியாகராசன் அண்ணன், பேருந்து நிறுத்தத்தில் உரக்கடை வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரியும், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பொதுப்பணித்துறை ஆபீஸுக்குப் போய், ‘எங்களுக்கு வேண்டாம், நாங்களே வெட்டிக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கிருந்த இன்ஜினியர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். “என் சர்வீஸ்ல வேணும்னு எழுதுன ஊரத்தாங்க பாத்துருக்கேன். உக்காருங்க, டீ சாப்பிடுங்க” என்றாராம். இந்த வருடம் அரசாங்கம் நமக்குச் செய்த செலவு அந்த டீதான்.

அவனவன் வயலை ஒட்டிய வாய்க்காலை அவனவன் வெட்டுவது என்று முடிவானது. முதல் ஞாயிறு பார்க்க வேண்டுமே மாமா, கண்கொள்ளாக் காட்சி. மண்வெட்டி பிடித்துப் பல வருடமான ஆளெல்லாம் இறங்கினார்கள். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது என்றே நினைத்தேன். அரசாங்கம் செய்யும் என்று உட்கார்ந்திருந்தவரைக்கும் நம் ஊரில் ஒருவன் ஒரு கூடை மண் அள்ளியதில்லை, அது உண்மைதான். அடுத்த ஞாயிறு பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வராதவனை என்ன செய்வது என்று ஒரு குழு போட்டார்கள். குழு அபராதம் போட்டது. அபராதத்தை வசூலிக்க ஒரு ஆள், யார் யார் வெட்டினார்கள் என்று பார்க்க இன்னொரு ஆள், அவர் பைக்குக்குப் பெட்ரோல், பெட்ரோலுக்கு வீட்டுக்கு வீடு ஒரு சிறு தொகை, அதற்கு வரி என்று பேர் வைக்காமல் ‘பங்களிப்பு’ என்று வைத்தார்கள். மாதா கோயில் நிலத்துக்கு விலக்கு கேட்டார்கள், கொடுத்தது குழு. உடனே பிள்ளையார் நிலத்துக்கும் விலக்கு வந்தது. அப்புறம் பார்த்தால் நிறைய பேர் நிலத்தில் ஏதோ ஒரு சாமி இருந்தது. ஆழத்துக்கு ஒரு கணக்கு கிடையாது, தியாகராசன் அண்ணன் தன் பகுதியில் ஆள் முங்கும் பள்ளமாக வெட்டிவிட்டார், கேட்டால் “தண்ணி நம்ம வயலுகிட்ட கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போவட்டுமேடா” என்கிறார். இதைப் புகார் சொல்லக் குழுவிடம் போனேன். குழுத் தலைவரும் அவர்தான். உரக்கடையில் உட்கார்ந்து, மேலே மின்விசிறி சுற்ற, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “நாளைக்கு வா, பாப்போம்.”

மாமா, ஒரு மாதம் ஆகவில்லை. அரசாங்கத்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதில் என்னென்ன கோளாறு உண்டோ அத்தனையையும் நாங்களே செய்து முடித்துவிட்டோம். சம்பளமும் பென்ஷனும்தான் பாக்கி.

இருந்தாலும் எப்படியோ வெட்டி முடித்தோம். மேட்டூர்த் தண்ணீரும் வந்தது. தியாகராசன் அண்ணன் பள்ளத்தில் இளைப்பாறிவிட்டு, பாலம் தாண்டி, உங்கள் இரண்டு ஏக்கர் வரைக்கும் ஓடி வந்தது. வந்து அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. திருவிழாவுக்கு வந்தபோது உங்கள் வாடகைக் கார் வயலுக்குள் இறங்க வேண்டும் என்று வாய்க்காலின் குறுக்கே மண்ணையும் கட்டிட இடிசலையும் கொட்டி மேடு போட்டீர்களே, சிமெண்டும் பூசினீர்களே, அதுதான். தண்ணீர் போக வழிவிடாமல் இல்லை, விட்டிருக்கிறீர்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். நாலு இஞ்ச். குளிக்கிற தண்ணீர் வெளியே போக வைப்பார்களே, அது. உங்கள் மேட்டுக்குக் கீழே நாற்பது ஏக்கர் இருக்கிறது. கடைசியில் இருப்பது அம்மாவின் ஒன்றரை ஏக்கர். நாற்பது ஏக்கர் குறுவையும் அந்த ஒரு குழாய்க்குள் புகுந்து வர வேண்டும் என்பது உங்கள் திட்டம். அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும் என்றீர்கள், சரி. குழாயும் சின்னதாக இருக்கட்டும் என்று மேடையில் நீங்கள் சொல்லவேயில்லையே. இப்போது அதிலும் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது, ஒரு சொட்டு வரவில்லை.

உங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் பஞ்சநதத்திடம் போனேன். “தம்பி, குத்தகை வயலுக்குத்தான். வாய்க்காலும் மேடும் மொதலாளி சமாச்சாரம். எனக்கு மேல்பக்கமே தண்ணி ஏறிப் பாயுது, நான் எதுக்கு வாயக் குடுக்கணும்?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் சொன்னபடி தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்கிறார்.

அதன் பிறகுதான் உங்களைப் போனில் பிடித்தேன். நினைவிருக்கும்.

“மாப்ள, அது என் சொத்து. என் அனுமதி இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது.”

“நாத்து காயுது மாமா. அம்மா குடத்துல மொண்டு ஊத்துது.”

“எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஊர் சேந்து என்னைய எடுன்னு சொன்னா, அது கட்டாயம். கட்டாயப்படுத்தி வாங்குறதுக்குப் பேருதான் வரி. நானா மனசு வந்து எடுத்தா அது தர்மம்.”

“சரி மாமா, மனசு எப்ப வரும்?”

“இப்ப இங்க ராத்திரி மாப்ள. அப்புறம் பேசுவோம்.”

வைத்துவிட்டீர்கள். மறுநாள் நானும் இன்னும் சில பையன்களும் கடப்பாரையோடு புறப்பட்டோம். மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். போன வருடம் எங்கள் கன்றுக்குட்டி திருட்டுப் போனபோது எழுதிக் கொடுத்த புகாருக்கு இன்னும் ஆள் வரவில்லை. “தம்பிங்களா, அமெரிக்காலேருந்து போன் வந்துருக்கு. சொத்துப் பாதுகாப்பாம். எனக்கு வேலை வச்சுடாதீங்கப்பா, வீட்டுக்குப் போங்க” என்றார். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை எது என்பதில் நீங்கள் எவ்வளவு தெளிவாக இருக்கிறீர்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. அம்மா வயலுக்குத் தண்ணீர் விடுவது அரசாங்கத்தின் வேலை இல்லை. உங்கள் கார் ஏறும் மேட்டுக்குக் காவல் நிற்பது அரசாங்கத்தின் வேலை. அந்தப் போலீஸ்காரரின் சம்பளம் யார் கட்டிய வரி என்று நான் கேட்கவில்லை. அம்மா வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கொஞ்சம் இருக்கும்.

அம்மாவுக்கு இன்னும் உங்கள் மேல் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளத்துக்கும் நாற்றங்காலுக்கும் குடத்தோடு நடந்துகொண்டே, “அண்ணன் வந்தா கார் நிக்க எடம் வேணும்லடா” என்கிறது. உங்கள் கார் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது மாமா. தண்ணீரும் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நாற்று இப்போதே நுனி கருகிவிட்டது. இது போனால் குறுவை இல்லை, குறுவை இல்லாவிட்டால் மாட்டை விற்றுவிட்டு, நிலத்தையும் பஞ்சநதம் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அங்கே தண்ணீர் குழாயில்தான் வரும், நாலு இஞ்ச் போதும்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேடு போட்டிருக்கும் இடம் உங்கள் சொத்தே இல்லை, வாய்க்கால் புறம்போக்கு. நாளைக் காலை தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். சர்வேயர் வருவார், சங்கிலி போட்டு அளப்பார், அரசாங்கமே வந்து உங்கள் மேட்டை இடிக்கும். நான் பக்கத்தில் நின்று கைதட்டுவேன்.

உங்கள் இருவருக்கும் மாதா நல்ல சுகத்தைத் தரட்டும். அத்தையின் முழங்கால் வலிக்கு அம்மா தினமும் செபமாலை சொல்கிறது, குடத்தைத் தூக்கிக்கொண்டே.

என்றும் உங்கள் மருமகன்,
ஆன்டோ

பி.கு.: மனுவைக் கொடுத்துவிட்டு வந்து இதைத் தபாலில் போடுவதற்குள் சர்வேயர் வந்துவிட்டார். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். மனிதர் ரொம்ப நேர்மை. உங்கள் மேட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன், வாய்க்காலின் தலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று சொல்லிவிட்டார். தியாகராசன் அண்ணனின் உரக்கிடங்கு பாதி வாய்க்காலில் இருந்தது. கோயிலின் சைக்கிள் கொட்டகை முழுசாகவே இருந்தது. அப்படியே வீடு வீடாக அளந்துகொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். அரசாங்க மானியத்தில் நாங்கள் கட்டிய கழிவறையின் தொட்டியும், மாட்டுக்கொட்டகையின் ஒரு காலும் புறம்போக்கில் நிற்கின்றன. அம்மா சர்வேயருக்கு மோர் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. சாயங்காலமே ஊர்க்கூட்டம். ஊர் விஷயத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன். மனுவை வாபஸ் வாங்கியாகிவிட்டது, சர்வேயரை இளநீர் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம்.

நீங்கள் சொன்னதுதான் சரி மாமா. அரசாங்கம் வராது. குழுவும் வராது, உங்கள் மேட்டைத் தொட்டால் கிடங்கைத் தொட வேண்டும் என்று தியாகராசன் அண்ணனுக்குப் பயம். இனி உங்கள் கொள்கைப்படி தனிமனிதன் ஒருவன்தான் மிச்சம். அவன் தானாக மனசு வந்து செய்ய வேண்டியதுதான் பாக்கி. கருகிய நாற்றைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டீர்கள் என்று நீல டிக் இரண்டும் விழுந்தன. அதற்குப் பிறகு வாட்ஸப் குழுவில் மூன்று வீடியோ போட்டுவிட்டீர்கள், மூன்றும் வரியைப் பற்றி.

யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கடப்பாரை என்னிடம் இருக்கிறது. “இடிச்சுக்கடா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா.