துணை மருந்து பொறுப்பேற்ற வரலாறு

1981-ஆம் ஆண்டு, சங்கரன்கோவில் எல்லைக்கல் பராமரிப்பு அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஞானதுரைக்குக் குடல் அழற்சி வந்தது. டாக்டர் மெஹர்பானு மாத்திரை எழுதிக்கொடுத்து, "வயிறு ஏத்துக்கிட்டா துணைக்கு மாதுளம்பழச் சாறும் குடிங்க" என்றார். மூன்று மாதமாக எதைத் தின்றாலும் முறுக்கிப் பிழிந்த வயிறு, அந்த ஒரு டம்ளரை மட்டும் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டது.

அலுவலகத்தில் அவர் அதைக் குடிப்பதைத் தலைமை எழுத்தர் சிவராமலிங்கம் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டார்.

"வே, இது மருந்தா, ஆகாரமா?"

"துணை மருந்து அண்ணாச்சி."

விஷயம் அதிகாரி சிவசுப்பிரமணியனிடம் போனது. அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்பளித்தார்: "முதன்மை விடுப்பில் இருக்குங்கால் மட்டுமே துணை பொறுப்பேற்கத் தக்கது. எனவே, மாத்திரை விடுப்பில் உள்ளமைக்குச் சான்று இணைக்கவும்."

ஞானதுரை மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினார். "ஐயா, மாத்திரைய நிறுத்தினா ரத்தமாப் போவும். நான் ஒரேயடியா லீவுல போயிருவேன்."

"போனா வேற ஆள் போட்டுக்கிடலாம். விதியில வழியிருக்கு."

டாக்டரம்மா கொதித்துப்போய், இரண்டையும் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று கடிதம் கொடுத்தார். ஒரே வயிற்றில் இரண்டு பதவியா என்று அதிகாரி மலைத்தார். கோப்பு மெட்ராஸுக்குப் போனது. ஞானதுரை மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டில் ரகசியமாகச் சாறு குடித்தார்.

இரண்டு வருஷம் கழித்து உத்தரவு வந்தது: "மேற்படியார் நாள்தோறும் முற்பகல் பதினொரு மணிக்கு, அதிகாரி முன்னிலையில், அரசுச் செலவில் சாறு அருந்தக் கடவர்."

"ஐயா, இப்ப மாத்திரையிலேயே தேறிட்டேன். சாறு குடிச்சா வயிறு ஊதுது. டாக்டரம்மாவே நிறுத்தச் சொல்லியாச்சு."

"உத்தரவு வந்தாச்சே! குடிக்காம இருக்கதுக்குத் தனியா எழுதணும். பதில் வர ரெண்டு வருசம் ஆவும்."

"அதுவரைக்கும்?"

அதிகாரி யோசித்தார். பழம் உரித்துப் பிழிந்து தயாராக இருந்தது. அரசாணை வீணாகக் கூடாது. "நீர் உடல்நலம் தேறி நோயாளிப் பதவி காலியானபடியால், நானே கூடுதல் பொறுப்பேற்கிறேன்" என்று வாங்கிக் குடித்தார். மறுநாள் சிவராமலிங்கத்துக்கும் வயிறு சரியில்லாமல் போனது; அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. மாதக் கடைசியில் அலுவலகம் முழுக்கக் குடல் நோய். எல்லாரும் கன்னம் பளபளவென்று இருந்தார்கள்.

எல்லைக்கல் காணோம் என்று மனுவோடு வந்த ஜனங்கள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் மனுவை வீட்டில் வைத்துவிட்டு, டம்ளரோடு வந்தார்கள்.

மனுவே நிலுவையில் இல்லாத அலுவலகம் என்று மெட்ராஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை வாசித்தபோது, வரிசையில் நின்றவர்கள்தான், டம்ளரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பலமாகக் கை தட்டினார்கள்.