கஞ்சி போட்ட தூண்டில்

நூல் என்று எது கண்ணில் பட்டாலும், இதற்குக் கொஞ்சம் கஞ்சி போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவனின் பிறவிக் குணம். கஞ்சி போடாத பாவு நூலைத் தறியில் ஏற்றினால் இழை இழையாக அறுந்து உயிரை வாங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் பட்டம் விடுகிற நூல், பூக்கட்டுகிற நூல், (ஒரே ஒரு தடவை) என் அரைஞாண் கயிறு வரைக்கும் கஞ்சியில் முக்கி எடுத்தவன் நான். ஆழ்கடலில் மீன் பிடிக்கிற தூண்டில் கயிற்றை மட்டும் விட்டுவைப்பேனா?

எல்லாம் என் மச்சானால் வந்தது. எனக்குப் பெண் எடுத்தது தூத்துக்குடியில். என் மனைவி செல்வியின் அண்ணன் அங்கே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறார். தங்கையைக் கடற்கரையோரமாகவே எங்காவது கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமனார்தான் என்னைப் பிடித்துப்போய் முடித்துவிட்டார். ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் கிடந்த மீனைத் தின்கிற ஊருக்குத் தங்கச்சியை அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் மச்சானுக்குப் போகவே இல்லை. ஐஸ் ஏற்ற வருகிற லாரி டிரைவரைக்கூட ‘மாப்ள’ என்று தோளில் தட்டிக் கூப்பிடுகிற மனிதர், சொந்த மாப்பிள்ளையான என்னை மட்டும் ‘ஏங்க’ என்பார். ‘உக்காருங்க’, ‘சாப்பிடுங்க’, ‘பஸ்ஸுக்கு நேரமாகலையா’. ஒரு பேங்க் மேனேஜருக்குக் கிடைக்கிற மரியாதை அது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். ‘மாப்ள’ என்ற ஒரு சொல்தான் வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று செல்வியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, வருகிற சனிக்கிழமை சிநேகிதர் மிக்கேலின் படகில் ஆழ்கடலுக்குத் தூண்டில் போடப் போவதாக மச்சான் பேச்சுவாக்கில் சொன்னார். (ஞாயிற்றுக்கிழமை படகு கிளம்பாது. மிக்கேல் சர்ச்சுக்குப் போய்விடுவார்.) மரியாதைக்கு என்னைப் பார்த்து, “நீங்களும் வாரியளா?” என்று கேட்டுவைத்தார். வாரேன் என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். தூண்டிலை என் கையாலேயே செய்து கொண்டுவருவேன் என்றும் சொன்னேன். மச்சான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி மப்பு ஏறிவிட்டது.

ஊருக்கு வந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லோரும் தலைமுடி மாதிரி ஒரு நைலான் நரம்பைக் காட்டினார்கள். தறிக்காரன் கண்ணுக்கு அது கயிறாகவே தெரியவில்லை. வீட்டில் கிடந்த பருத்தி நூலைப் பல புரியாகச் சேர்த்து, டிரில்லிங் மெஷினில் மாட்டி முறுக்கினேன். பழைய ராட்டைச் சக்கரம் ஒன்றுக்குக் கைப்பிடி வைத்து அதில் சுற்றிக்கொள்ள ஏற்பாடு. கயிறு கடலடிக்குப் போக, தறியில் பாவு தளராமல் இருக்கத் தொங்கவிடுகிற இரும்புக் குண்டு. மீனை மயக்க, கொக்கியைச் சுற்றிச் சேலைக் குஞ்சம் மாதிரி ஜரிகை. முகூர்த்தத்துக்குக் கிளம்புகிற மணப்பெண் மாதிரி இருந்தது கொக்கி.

கடைசியாகக் கஞ்சி. மைதாவைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, கயிறு முழுவதையும் முக்கி எடுத்து, கரண்ட் கம்பத்துக்கும் எதிர்வீட்டு வேப்பமரத்துக்கும் இடையில் கட்டிக் காயப்போட்டேன். தெருவில் போன ஆடு ஒன்று நின்று நிதானமாக நக்கிப் பார்த்தது. சரக்கு தரமானது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன். அந்த ஆடு எனக்கு என்ன சொல்ல வந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, புதுச்சேலைய ஒருக்கா நனைச்சாலே கஞ்சி போயிருதுல்லா? கடல்ல மட்டும் எப்படி நிக்கும்?” என்றாள்.

“இது டபுள் கஞ்சிடீ” என்றேன். ஒரு கேள்விக்கு இதைவிட மடத்தனமான பதிலை நான் இன்றுவரை சொன்னதில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் படகு கிளம்பியது. கரை மறைவதற்குள் நான் தின்ற இட்லி மறைந்துவிட்டது. அதை விடுங்கள். வெகுதூரம் போனபிறகு மிக்கேல் இன்ஜினை நிறுத்தினார். கடல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. மச்சான் தன் நைலான் நரம்பைத் தண்ணீரில் இறக்கினார். நான் சாக்கிலிருந்து என் தூண்டிலை வெளியே எடுத்தேன். மிக்கேல் குண்டைப் பார்த்தார், ஜரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

வழியெல்லாம் அலை தெறித்துச் சாக்கு ஊறிப்போயிருந்தது. உள்ளே என் டபுள் கஞ்சி, சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசையாகவே மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. சக்கரம் நழுவக் கூடாது என்று கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குண்டைக் கம்பீரமாகக் கடலில் போட்டேன். சக்கரம் சுற்றி, கயிறு சரசரவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. சுற்று மொத்தமும் ஒரே அடையாக ஒட்டிக்கிடந்தது. குண்டு சக்கரத்தை இழுத்தது, சக்கரம் என் கையை இழுத்தது, கை என்னை இழுத்தது. இடுப்பு வரைக்கும் படகுக்கு வெளியே போய்விட்டேன்.

“ஏலே, கைய விடுலே!” என்று கத்தினார் மச்சான்.

“ஒட்டிக்கிட்டு மச்சான்!”

அவர் தன் நரம்பைப் போட்டுவிட்டு என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தார். பச்சக்கென்று கை விடுபட்டது. சக்கரம், குண்டு, மணப்பெண் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குள் போயின. நான் மச்சான் மடியில் விழுந்தேன்.

எனக்கு அழுகை முட்டியது. தூண்டில் போனது பெரிதில்லை. இனி ஏழு ஜென்மத்துக்கும் நான் இவருக்கு ‘ஏங்க’தான்.

அப்போதுதான் மிக்கேல் தண்ணீரைக் காட்டினார். படகைச் சுற்றிக் கடல் பால் விட்டாற்போல வெளுத்துக்கொண்டிருந்தது. மேலே தேங்காய் எண்ணெய் மினுங்கியது. எங்கிருந்தோ பொடிப்பொடியாகச் சூடை மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து என் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தன. தண்ணீர் உலையாகக் கொதித்தது. படகில் தேங்குகிற தண்ணீரை இறைக்க வைத்திருந்த வாளியை எடுத்து மிக்கேல் ஒரு தடவை மொண்டார். வாளி நிறைய மீன் துள்ளியது.

மச்சான் வாளியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, என் பெல்ட்டை இன்னும் விடாமலே சொன்னார். “மாப்ள, கடலுக்கே கஞ்சி ஊத்திட்டீரே, வே.”

ஏலே, மாப்ள, வே. உரிமையோடு கூப்பிடுகிற சொல் மூன்றும் ஒரே நாளில் கிடைத்தன. உள்ளங்கை எரிச்சல்கூட எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி சூடைமீன் குழம்போடு இந்தக் கதையும் அந்தத் தெரு முழுக்கப் பரிமாறப்பட்டது. மறுநாள் காலையில் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், “நீங்கதான கஞ்சி மாப்ள?” என்று எழுந்து இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், “கஞ்சி மாப்ளைக்கு ரெண்டு துண்டு மீன் வைங்கப்பா, பாவம், இவரு ஒரு மீன்கூடப் பிடிச்சதில்ல” என்பார் மச்சான். நானும் இலையை நகர்த்திக் கொடுப்பேன்.

என் மகனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. போன வாரம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போயிருந்தோம். அப்பா பெயர் என்ன என்று டீச்சர் அன்பாகக் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை.

“கஞ்சி மாப்ள” என்றான்.