டார்ச் பிடிக்கப் போய்க் கண் கட்டிக்கொண்ட கதை

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள் நான் என்பது இருபத்து நான்கு வயது வரை எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பு அமையவில்லை. நாங்கள் செஞ்சியில் பல தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம். எங்கள் வீட்டில் கத்தரிக்காயை வெட்டுவதற்குள் உள்ளே பூச்சி இருக்குமோ என்று ஆளுக்கு ஒருமுறை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். (வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும். அஹிம்சைக்கும் ஓர் எல்லை உண்டு.) அப்படிப்பட்ட வீட்டில் ரத்தத்துக்கு எங்கே போவது?

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் ஒரு சேவைக் கழகம் இருந்தது. கோடைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோறும் அரிசி மில்லின் நெல் காயப்போடும் களத்தில் நாற்காலி போட்டுக் கூடுவார்கள். பானகம், போண்டா, பிறகு பேச்சு. பகலெல்லாம் வெயில் குடித்த கோட்டை மலை அந்த நேரத்தில்தான் அனலைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற உறுப்பினர்கள் உண்டு. தண்ணீர்ப் பந்தல் வைப்பது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பது என்று இருந்த கழகம், அந்த வருஷம் திடீரென்று பெரிதாக யோசித்து, மெட்ராஸிலிருந்து டாக்டரை வரவழைத்து இலவசக் கண் முகாம் நடத்துவதென்று முடிவு செய்தது.

கழகத்தின் செயலாளர் மில் முதலாளி ராமானுஜம்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஆள் பிரித்துக்கொண்டே வந்தவர், "ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போச்சின்னா டார்ச் அடிக்க ஒரு ஆள் வேணும். கை நடுங்காத ஆளா இருக்கணும்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

காரணம் சேவை மனப்பான்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், முன்வரிசையில் அனந்தபுரம் தேவராஜ நயினார் உட்கார்ந்திருந்தார். முகாமுக்கு அரிசி மூட்டைகள் தருவதாக ஒப்புக்கொண்டவர். அவருடைய மகள் பத்மாவதியை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் அப்பாவின் மல்லாட்டை மண்டியில் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எடை பார்த்துக்கொண்டிருந்தவன். தராசு முள்ளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலைக்கும் லாயக்கானவன் என்று வருங்கால மாமனாருக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"என் கை நடுங்காது சார்" என்றேன். அது உண்மைதான். கடைசிவரை கை நடுங்கவே இல்லை.

முகாம் நாள் காலையில் நான் பார்த்த கூட்டத்தை இன்றும் மறக்க முடியவில்லை. லீவு விட்டிருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் மாட்டுவண்டிகள் வரிசை கட்டி நின்றன. தொண்டூர், சீயமங்கலம், இன்னும் எங்கெங்கிருந்தோ ஆட்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சங்கிலியாக வந்தார்கள். முன்னால் வருகிறவருக்கு மட்டும் பார்வை இருந்தது. எங்கள் பக்கத்தில் இத்தனை பேர் இருட்டில் இருந்திருக்கிறார்கள், நான் மண்டியில் உட்கார்ந்து எடைபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னை ராமானுஜம் தட்டி உள்ளே அனுப்பினார்.

ஜன்னலெல்லாம் சாத்திய தலைமையாசிரியர் அறைதான் ஆபரேஷன் அறை. டாக்டர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். தொண்டூரிலிருந்து வந்த முனுசாமி என்ற விவசாயியைப் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். பாதியில் கரண்ட் போனது. நான் டார்ச்சை அடித்தேன். வெளிச்ச வட்டம் சரியாகக் கண்ணின்மேல் விழுந்தது. டாக்டர் "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் பூரித்துப்போய், வெளிச்சம் விழுந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

கை நடுங்கவில்லை. முழங்கால்தான் காணாமல் போனது. டார்ச்சோடு அப்படியே சாய்ந்தேன். பெஞ்சு முனை புருவத்தில் இடித்தது வரை நினைவிருக்கிறது. அறை இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் டாக்டர் குரலை உயர்த்தாமல், "யாரும் அசையாதீங்க. முனுசாமி, நீயும் அசையாத. நான் உன் கண்ணு மேல கை வெச்சிருக்கேன், எங்கயும் போகல" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கத்தியைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தி, உருண்டுபோன டார்ச்சை யாரோ தேடி எடுக்கும் வரை கல்லாக நின்றிருக்கிறார் அந்த மனிதர். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்திருக்கிறார். இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

என்னைத் தூக்கிக்கொண்டு போன கம்பவுண்டர் புருவத்துக்கு மருந்து வைத்து, பஞ்சு கண்ணையும் மறைக்கும்படி ஒரு கட்டுப் போட்டார். படுக்கவைக்க வேறு இடமில்லாமல், நோயாளிகள் வரிசையாகப் படுத்திருந்த ஐந்தாம் வகுப்பு அறையின் கடைசிப் பாயில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் வேலை மாறி வந்த நர்ஸ் மேரிக்கு இது எதுவும் தெரியாது. அவர் கண்டது, ரத்தக்கறையோடு, புரண்டதில் ஒற்றைக் கண் கட்டு அவிழ்ந்து கிடக்கிற ஒரு நோயாளியை.

"கட்டை யாரு பிரிச்சது?" என்றார்.

"சிஸ்டர், நான் தொண்டர்" என்று முனகினேன்.

"காலையில ஒருத்தன் பஞ்சாயத்து தலைவர்னு சொன்னான். படு."

கண்ணில் ஏதோ சொட்டு மருந்து விழுந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டையை வைத்து, "தலை ஆடுச்சுன்னா கண்ணு போயிடும். நான் சொல்ற வரைக்கும் ஆடக்கூடாது" என்றார். ஒரு மாத்திரையும் வாயில் போட்டார்.

ஏன் எழுந்து ஓடவில்லை என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு பயங்கரமான சந்தேகம் வந்துவிட்டது. நான் எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. வரிசையோடு வரிசையாக எனக்கும் ஆபரேஷன் பண்ணிவிட்டார்களோ? புருவம் வேறு விண் விண் என்று வலித்தது. பண்ணியிருந்தால், ஆடினால் கண் போய்விடும். ஆகவே ஆடாமல் கிடந்தேன். (படித்தவன்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்.)

பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "புது ஆளா? எந்த ஊரு?"

"செஞ்சிதான்."

"நானு தொண்டூரு. முனுசாமி."

நான் டார்ச் அடித்த அதே முனுசாமி.

"எனுக்கு ஆபரேசன் நடக்கச்சொல்ல இன்னா ஆச்சி தெரியுமா? டார்ச்சி புடிக்க வந்த தடிமாடு ஒருத்தன் பொத்துனு வுழுந்துட்டான். ஒரே இருட்டு. என் கண்ணு இன்னா கதி ஆச்சோ தெரில. கட்டு பிரிச்சாத்தான் தெரியும்."

"அவனுக்கு அறிவில்லையா?" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"அதான். பயந்தாங்கொள்ளிக்கு இன்னாத்துக்கு அந்த வேல?"

"அவனையெல்லாம் மண்டியில் மூட்டை தூக்கத்தான் விடணும்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அன்று மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் அந்தத் தடிமாட்டைத் திட்டித் தீர்த்தோம்.

திட்டி அலுத்ததும் அறையில் மற்றவர்கள் பேசுவது காதில் விழுந்தது. கட்டு பிரித்ததும் யாரை, எதைப் பார்ப்பது என்பதுதான் பேச்சு. ஒருவர் தன் வயலில் பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்திவிட்டானா என்று பார்க்க வேண்டும் என்றார். ஒரு பெண்மணி, பேத்திக்குத் தன் ஜாடை என்று எல்லோரும் சொல்வது நிஜமா என்று தெரிய வேண்டும் என்றார். முனுசாமி மட்டும், "எனுக்கு மலையப் பாக்கணும். பொறந்ததுலேர்ந்து காலைல எழுந்தா மலைதான். அது இல்லாம நாளே வெடிய மாட்டன்னுது" என்றார். நான் தினமும் பல் விளக்கிக்கொண்டே பார்க்கிற மலை. பார்க்கிறோம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

சாயங்காலம் முக்கிய விருந்தினர் பழம் கொடுக்க வந்தார். ஒவ்வொரு பாயாக நின்று ஆறுதல் சொல்லி ஒரு மாம்பழம் கொடுத்துக்கொண்டே வந்தவர், என் நெஞ்சின்மேலும் ஒன்றை வைத்து, "கவலைப்படாதீங்க பெரியவரே, கண்ணு வந்துடும்" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது. அதை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"இது நம்ம மண்டிக்காரர் பையன் சாந்தகுமார் இல்ல?" என்றார் தேவராஜ நயினார்.

"கண்ணு கேஸ்தான் சார். ரொம்ப அடம்" என்றார் மேரி.

நயினார் குரலைத் தாழ்த்தி, "இந்த வயசுலயேவா? பொண்ணு கேட்டு வந்தப்ப ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மேரி தோளை அழுத்திப் பிடித்தார். மாம்பழம் உருண்டு போனது. செருப்புச் சத்தமும் போனது. மாத்திரை வேலை செய்து நான் தூங்கிப்போனேன். மற்ற தொண்டர்கள் நான் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்தார்கள். வீட்டில் நான் ராப்பகலாகச் சேவை செய்வதாக நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் கட்டு பிரிக்க வந்தார். முதல் பாயிலிருந்து ஒவ்வொருவராக. ஒவ்வொரு கட்டு அவிழும்போதும் அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பிறகு ஒரு சின்னச் சத்தம், சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று. நான் கட்டோடு படுத்து அதையெல்லாம் காதால் கேட்டேன். முனுசாமியின் முறை வந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்கே கேட்டிருக்கும்.

"என்ன தெரியுது முனுசாமி?"

நான் அத்தனை தீர்த்தங்கரர்களையும் வேண்டினேன்.

"வெள்ளையா இன்னாமோ நிக்குது."

"அது நான்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறங்க."

ஜன்னல் கிறீச்சிட்டது. பாய் சரசரத்தது. முனுசாமி, "இருக்குது" என்றார். "மலை அங்கியேதான் இருக்குது."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது அவர் மனைவி அஞ்சலை.

"இன்னாடி தலையில? மாவா?"

"மாவு இல்ல. நரைச்சிப்போச்சி."

"எப்போ?"

"நீ பாக்காதப்போதான்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. தேம்பிவிட்டேன். "யாரு அழறது? கண்ணுக்கு ஆகாதுன்னு சொன்னேன் இல்ல?" என்று மேரி அதட்டினார். டாக்டர் என் பாய்க்கு வந்து கட்டைப் பிரித்தார்.

"இவரு யாரு? இவருக்கு நான் ஆபரேஷன் பண்ணலியே" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்று கேட்டார்.

மேரி விட்ட சொட்டு மருந்தில் கிட்டத்தில் இருப்பதெல்லாம் பஞ்சாகத் தெரிந்தது. "நாலு" என்றேன். அவர் காட்டியது இரண்டு. வாசலில் ஒரு கனைப்புக் கேட்டது. தேவராஜ நயினார் என் அப்பாவையும் கையோடு அழைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்து நின்றிருந்தார்.

டாக்டர் என் புருவத்தைப் பார்த்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். "அட, டார்ச் தம்பி."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. முனுசாமி பாயில் உட்கார்ந்தபடி என்னை உற்றுப் பார்த்தார். புதுக் கண்ணால் அவர் ஊன்றிப் பார்த்த மூன்றாவது பொருள் நான்.

"நீயா அது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மனைவியிடம் திரும்பி, "அவன நானும் திட்னேன், இவனும் திட்னான். இவன்தான் நல்லா திட்னான்" என்று சொல்லி உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிக்கவும் கூடாது என்று மேரி அவரை அதட்ட வேண்டியதாயிற்று.

என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, மருந்து தெளிய ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தேவராஜ நயினார் நல்ல வியாபாரி. பிறர் வாய்ச்சொல்லில் சரக்கு எடுக்கிறவர் இல்லை. பெண் பார்க்கப் போனபோது என்னைக் கூடத்தின் ஒரு கோடியில் உட்காரவைத்து, மறு கோடியில் பலகாரத் தட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, "இதுல இன்னா இன்னா இருக்குதுன்னு சொல்லுங்க மாப்ள" என்றார். நான் அதிரசம், முறுக்கு என்று வரிசையாகச் சொல்ல, கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பத்மாவதியின் சிரிப்பை நான் முதலில் கேட்டது அப்போதுதான்.

கல்யாணத்துக்கு முனுசாமியையும் அஞ்சலையையும் அழைத்திருந்தேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜம்மென்று வந்த முனுசாமி, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வீட்டாரிடமெல்லாம், "நானும் மாப்ளையும் ஒரே நாள்ல கண்ணு கட்டினு அக்கம்பக்கத்துப் பாயில படுத்திருந்தவங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மாமனார் ஒரு மாதமாக ஊர் முழுக்கக் கொடுத்து வைத்திருந்த விளக்கமெல்லாம் ஒரு பந்தியில் காலி.

அதோடு போயிற்று. அனந்தபுரத்து உறவுக்காரர்களுக்கு நான் கண் தெரியாத மாப்பிள்ளைதான். தலைமுறை மாறியும் அது மாறவில்லை. இப்போதும் அங்கே விசேஷத்துக்குப் போனால், என் மாமனார் வீட்டுப் பேரப்பிள்ளைகள் நாற்காலியை நகர்த்தி வழிவிடுகிறார்கள். சாப்பாட்டு இலையில், "தாத்தா, இது பொரியல், இது கூட்டு" என்று என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டுகிறார்கள். பத்மாவதி எதிர் இலையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். மறுத்துச் சொல்லும் வழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். பாயசம் எங்கே இருக்கிறது என்று மட்டும் இரண்டு முறை கேட்பேன். இரண்டு முறையும் பரிமாறுகிறார்கள்.