சம்பந்தி அம்மாள் மங்கலாக விழுந்த படம் குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று உங்கள் மருமகள், அதாவது என் மகள், போனில் பேசியதிலிருந்து எனக்கு ரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது. மற்றபடி சௌக்கியம். போனில் கூப்பிட்டால் சம்பந்தி அம்மாள் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடிதமாக எழுதுகிறேன். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது என் புது கேமராவில் எடுத்த கூட்டுப்படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பியிருந்தேன் அல்லவா, அதில் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் பளிச்சென்று, ஒட்டியிருந்த காகிதத்தின் பொடி எழுத்து வரை படிக்கும்படி விழுந்திருக்கிறது, அதற்குப் பின்னால் சோபாவில் இருந்த சம்பந்தி அம்மாளோ ஆவி போல இருக்கிறார்கள். மகள் சொன்னாள்: "அப்பா, அத்தை என்கிட்ட பேசறதே இல்ல. குக்கர்கிட்டதான் பேசறாங்க. 'அந்த வீட்டுல ஒரு தண்ணி பாட்டிலுக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையா'ன்னு அதுகிட்ட கேக்கறாங்க. நான் என்னப்பா பதில் சொல்றது?" கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சம்பந்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். கேமராவுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. அது எவ்வளவு திறக்கிறது என்பதற்கு ஓர் எண். எண் சின்னதானால் துவாரம் பெரிசு. ஆமாம், தலைகீழ்தான். குடிநீர் வாரியத்தில் வேலைபார்த்த காலமெல்லாம் குழாய் அளந்தவன் நான், எண் பெரிசென்றால் குழாய் பெரிசு என்றே பழகிவிட்டேன். ஆகவே துவாரம் சின்னதாக இருக்கட்டும் என்று எண்ணைச் சின்னதாக வைத்தேன், அது ஆவென்று திறந்துகொண்டது. அப்படித் திறந்தால் ஒரே ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழுமாம், முன்னே பின்னே இருப்பதெல்லாம் கரைந்துவிடுமாம். நான் போகும் சனிக்கிழமை கேமரா வகுப்பில் சொல்லித்தரும் அம்மா, "பட்டனைப் பாதி அமுக்குங்க, பச்சைக் கட்டம் முகத்து மேல உக்காந்துச்சான்னு பாருங்க, அப்புறம் முழுசா அமுக்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். கட்டம் பாட்டில் மேல் உட்கார்ந்ததைக் கவனிக்காமல் அமுக்கிய இந்தப் பாவியை மன்னிக்க வேண்டும்.

பரிகாரமாகக் கம்ப்யூட்டரில் படத்தைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். சம்பந்தி அம்மாளுக்கு மீசை போல ஒன்று வந்துவிட்டது. உடனே அழித்துவிட்டேன், இதை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். சரி, மறுபடி எடுத்துவிடலாம் என்று ஒத்திகைக்காக என் மனைவியை அதே இடத்தில் உட்கார வைத்தேன். "அவங்க மாதிரியே மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கணுமா?" என்றாள். (இந்த வரியையும் விட்டுவிட்டுப் படிக்கவும்.) துவாரத்தைச் சின்னதாக்கினேன், வெளிச்சம் போதாமல் கேமரா மெதுவாக இமைத்தது, அதற்குள் அவள் திரும்பிவிட்டாள், இரண்டு மூக்கு. வெளிச்சத்தை வாங்கும் திறனைக் கூட்டினேன், முகமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன், ஆளே கறுப்பு. ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொன்னதும் லட்சணமாக விழுந்தாள், ஆனால் அதற்குள் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஆக இப்போது இரண்டு வீட்டிலும் பேச்சு இல்லை.

ஆகையால் வரும் ஞாயிறு அவசியம் குடும்பத்தோடு வாருங்கள். சம்பந்தி அம்மாளை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவர்களை மட்டும் தெளிவாக எடுத்து, பெரிசாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறேன். நாங்களெல்லாம் மங்கலாக இருந்துகொள்கிறோம்.

சம்பந்தி அம்மாளுக்கு என் பணிவான வணக்கத்தைச் சமயம் பார்த்துச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துப் பேசியும் விட்டாள். "சோபாவுக்குப் பின்னால கோடு கோடா தெரியுதே, அது என்ன?" திரைச்சீலை என்றேன். "நம்ம வீட்டுல ஏது கோடு போட்ட திரைச்சீலை? அது உங்க சட்டைங்க. நீங்கதான் படத்துக்குள்ள நிக்கறீங்களே, அப்ப எடுத்தது யாரு?" பெரிதாக்கிப் பார்த்தேன், நான்தான். ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன், அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆள் நீங்கள். "நீங்களும் போய் நில்லுங்க சம்பந்தி, நான் ஒண்ணு அமுக்கறேன்" என்று நீங்கள் கேமராவை வாங்கியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எனவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் என் மனைவி போனோடு மாடிக்குப் போயிருக்கிறாள், "யாரு, இவரா? இவரா எடுத்தாரு?" என்று சம்பந்தி அம்மாள் கேட்பது ஸ்பீக்கரில் கீழே வரைக்கும் கேட்கிறது. தைரியமாக இருக்கவும்.