விண்கலத்துக்கு ஒரு கிடங்கு

பல நாடுகள் கூடி விண்வெளித் திட்டம் தீட்டும்போது முதலில் பிரிப்பது வேலையை அல்ல, பங்கை. வால்நட்சத்திரம் ஒன்றைப் படமெடுக்கும் இந்தத் திட்டத்திலும் ஒரு நாட்டுக்குக் கலம், ஒன்றுக்கு எரிபொருள், இன்னொன்றுக்குக் கேமரா என்று பிரித்து முடித்த பிறகு கடைசியாக ஒரு நாடு வந்து சேர்ந்தது. கொடுக்க எதுவும் மிச்சமில்லை. வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையா? ஆகவே அவர்களுக்குத் தாமதம் ஒதுக்கப்பட்டது. எப்படியும் தாமதம் ஆகத்தான் போகிறது, அதை முறையாக நிர்வகிக்க ஆள் வேண்டாமா? அவர்களுக்குத் தனிக் கட்டடம் எழும்பியது. நீண்டகால நிதித் திட்டத்தில் தனி அத்தியாயமும் கிடைத்தது.

தலைமைப் பொறியாளர் அந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லை. அந்த அம்மாள் தன் பாட்டுக்கு வேலை பார்த்தார். கலம் சொன்ன தேதியில் தயாராகிவிட்டது.

செய்தி கேட்டு இயக்குநருக்கு முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தால் தொலைநோக்கு என்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

“முடிஞ்சிடுச்சா? யாரைக் கேட்டு முடிச்சீங்க?”

“தேதி நீங்க கொடுத்ததுதான் சார்.”

“கொடுத்தா அதே தேதியில முடிச்சிடறதா? அதுக்கப்புறம் ஆறு வருஷத் தாமதம் இருக்கே, அது அடுத்தவங்க பங்கு மேடம். அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“சார், வால்நட்சத்திரம் இந்த வருஷம்தான் பக்கத்துல வருது. விட்டா நம்ம பேரப்பிள்ளைங்களுக்குத் தலை நரைச்ச அப்புறம்தான் திரும்ப வரும்.”

“வால்நட்சத்திரம் உறுப்பு நாடு இல்லையே! அதோட சௌகரியத்தைப் பார்க்கணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் இல்ல.”

அம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கலத்துக்காகத் தங்கை கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை.

உயர்மட்டக் குழு கூடியது. தாமதப் பிரிவின் தலைவர் பெருந்தன்மையாகவே பேசினார்.

“யார் வேலையையும் நாங்க கெடுக்க வரல. எங்க தாமதத்தை எங்ககிட்ட கொடுத்துடுங்க, போதும்.”

கலத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டலாம் என்றது எரிபொருள் நாடு. வேண்டுமானால் கேமராவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று கேமரா நாடு முன்வந்தது. குழு அந்தத் தியாக உணர்வை மனமாரப் பாராட்டியது.

தலைமைப் பொறியாளர் எழுந்தார். “தாமதம் தாராளமா நடக்கட்டும். ஆனா ஆறு வருஷம் கலத்தை எங்கே வைக்கறது? இங்கே தூசி, துரு, எலி. எலி ஒரு ஒயரைக் கடிச்சா போச்சு.”

“நல்ல கிடங்கா பாருங்களேன்,” என்றார் தொலைநோக்கு.

“பார்த்துட்டேன். வாடகை கிடையாது, காவலும் வேண்டாம்.” விரலை மேலே காட்டினார்.

“மொட்டை மாடியிலயா?”

“அதுக்கும் மேல.”

குழு ஆழ்ந்து யோசித்தது. அங்கே எலி இல்லை என்பதை நிபுணர்கள் உறுதி செய்தார்கள்.

“ஏவுதல்ங்கற பேச்சே வரக் கூடாது,” என்றார் தாமதத் தலைவர், கறாராக.

வரவில்லை. ஒரு நாள் காலை, காது கிழியும் சத்தத்தோடு, கலம் கிடங்குக்கு இடம் மாற்றப்பட்டது. தாமதம் அன்றே முறைப்படி தொடங்கியது.

சில மாதங்களில் படங்கள் வந்தன. திரை முழுக்க வால்நட்சத்திரம்! தலைமைப் பொறியாளர் தேம்பித் தேம்பி அழுதார். தொலைநோக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிரமாதம் மேடம். ஆனா வெளியிட முடியாது. இன்னும் ஏவாத கலம் எப்படிப் படம் எடுக்கும்?”

“அப்போ எப்பதான் ஏவறது?”

“தாமதம் முடியட்டும். கிடங்குலேர்ந்து கலத்தைக் கொண்டு வந்து, முறைப்படி ஏவிடலாம்.”

கொண்டு வர இன்னொரு கலம் வேண்டும். அதற்கு முப்பதாண்டுத் திட்டம் ஒன்று உருவானது. நாடுகள் முண்டியடித்துப் பங்கு கேட்டன. தலைமைப் பதவி நம் அம்மாளைத் தேடி வந்தது. முகத்துக்கு நேரே மறுத்துவிடுவது என்றுதான் அவர் போனார். புது அறையைக் காட்டினார்கள். கடலைப் பார்த்தபடி இரண்டு ஜன்னல்கள். வாசலில் கார் நின்றது. திட்டம் முடியும்வரை ஓய்வு வயது அவருக்குப் பொருந்தாது என்றார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது, பஸ் ஓட்டும் கணவர் கேட்டார்:

“முப்பது வருஷம் எதுக்கு? நீதான் எதையும் சட்டுனு முடிக்கற ஆளாச்சே!”

“முடிச்சிட்டா காரை வாங்கிக்குவாங்க. பதவியும் போயிடும்.”

கணவர் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

“அப்போ எதுக்கு அவசரம்? நிதானமா பண்ணு. அந்தத் தாமதப் பிரிவுல உன் தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஏதாவது இடம் இருக்குமான்னு கேளேன்.”

“நேத்தே கேட்டுட்டேன்,” என்றார் அம்மாள்.