ஐம்பத்தெட்டுக்கு மேல் சத்தமே இல்லையாம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனசு வரவில்லை.

பக்கத்து இரும்புப் பட்டறையில் அறுப்பு மிஷின் ஓடினாலே உங்கள் ஐந்து மாதக் குழந்தை தூக்கிவாரிப் போட்டு அலறுகிறது என்று நகராட்சியில் மனு கொடுத்தேன். "வாய்ப்பேச்சு வேண்டாம் சார், அளந்து கொண்டு வாங்க" என்றார் அதிகாரி. நீங்களும் பெரிய மனசு பண்ணி, உங்கள் ஆய்வுக்கூடத்தில் சத்தத்தை அலசுகிற மென்பொருளை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, "எல்லா விவரமும் இந்த கான்ஃபிக் ஃபைல்ல இருக்கு மாமா, அதைப் படிச்சுத்தான் அது வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். நானும் நம்பி, ஜன்னலில் மைக்கைக் கட்டி, மழை வந்தால் அதற்குக் குடை பிடித்து, இரண்டு மாதம் பதிவு செய்தேன். நேற்று அறிக்கை வந்தது. 'சராசரி 46 டெசிபல். அமைதியான பகுதி.' அமைதியாம்! அதிகாரி அதைப் படித்துவிட்டு, பட்டறைக்காரரிடம், "இன்னொரு மிஷின் கேட்டீங்களே, போட்டுக்கலாம் போலிருக்கே" என்கிறார். அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார் மாப்பிள்ளை!

வயிற்றெரிச்சலோடு வந்து ஃபைலைத் திறந்தால், 'மேல் வரம்பு: 58'. பக்கத்திலேயே விளக்கம் வேறு: இதற்கு மேல் போகும் அளவுகள் கோளாறாகக் கருதி நீக்கப்படும். மிஷின் சத்தமே தொண்ணூறு! அது ஓடின நேரத்தையெல்லாம் தூக்கிக் கடாசிட்டு, ஓடாத நேரத்தை மட்டும் அளந்திருக்கு. படிச்சவங்க செய்யிற வேலையா இது? எவன் கேட்டான் அம்பத்தெட்டு? திங்கட்கிழமை கடைசி விசாரணை. தோத்தா ரெண்டு மிஷின். நான் காதுல பஞ்சு வெச்சுக்குவேன், பச்சைக் குழந்தை என்ன பண்ணும், சொல்லுங்க.

வார்த்தை தடித்திருந்தால் தடித்ததாகவே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் தணியாத ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: இதை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நீங்கதானே, மேல் வரம்புன்னு ஒரு இடம் காலியா கிடக்கு, முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு படிவத்தையும் நான் காலியா விட்டதில்லைன்னு, உக்காந்து நிரப்பினீங்க?" என்கிறாள். ஆமாம். எனக்குத் தெரிந்த ஒரே மேல் வரம்பு நான் ஓய்வுபெற்ற வயதுதான். மேலே கண்ட அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. 58ஐ அழித்து மறுபடி ஓட்டினேன். மிஷின் ஓடும்போது தொண்ணூறு என்று ஒழுங்காகச் சொல்கிறது. திங்கட்கிழமைக்கு அது போதும். ஆனால் அந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஒரு சின்னக் கோடாவது போட்டுக்கொள்ளட்டுமா?