அடுப்புக்கும் கக்கூசுக்கும் ஒரே கூரை ஓட்டை

லிந்துலை,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

கத்தாரில் யார் யார் வீட்டுக்கெல்லாமோ குழாய் பூட்டிவிட்டு, சொந்த அண்ணன் வீட்டுக்குப் படம் மட்டும் வரைந்து அனுப்பிய அன்புக் கொழுந்தனார் அன்டனுக்கு, அண்ணி சிசிலி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக, மிச்சமிருக்கும் தலைமுடியோடு இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் அறைக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால், லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிற ஜெரோமி கையில் இந்தக் கடிதத்தையும் மாசிச் சம்பலையும் கொடுத்து விடுகிறேன். கடிதம் கட்டாயம் வந்து சேரும், சம்பலுக்கு நான் பொறுப்பில்லை.

தம்பி, முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் அந்தப் படத்தை அனுப்பியிருக்காவிட்டால் நம்ம லோஜினி தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வர வழியே இல்லை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு இந்தத் தனிவீட்டுக்கு வந்ததிலிருந்து, கக்கூசில் தண்ணி ஊற்றினால் பாத்திரம் கழுவுகிற அடுப்படித் தொட்டி குளுக் குளுக் என்று பதில் சொல்லும், பின்னாலேயே வாடை வரும். எலி செத்துக் கிடக்கிறது என்று உங்கள் அண்ணன் வீட்டைப் புரட்டித் தேடினார், எலி உயிரோடு ஓடியதுதான் மிச்சம். வயிற்றுப் பிள்ளையோடு வந்த லோஜினி வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டு நானுஓயாவில் புருசன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். அவள் மாமியார் குணபூசணி டீச்சர் யாழ்ப்பாணத்து மனுசி, தங்கமானவர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். வீட்டைத் தானே வந்து பார்ப்பாராம், வாடை இருந்தால் பிரசவம் அவர் வீட்டில்தானாம். என் மகளுக்கு நான் கசாயம் காய்ச்சிக் கொடுக்காமல், ஆப்பிள் பழப் பையோடு விருந்தாளி மாதிரி போய்ப் பார்ப்பதா? அன்றைக்கு நான் யாரையும் கேலி பண்ணவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று உங்கள் அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் உங்கள் படம் வந்தது. தண்ணி போகிற குழாய்க்குக் காற்றும் வேண்டும், கக்கூசு, தொட்டி, குளியலறை மூன்றுக்கும் காற்றுக் குழாய் வைத்து, தொட்டி விளிம்புக்கு மேலே எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே குழாயாகக் கூரைக்கு வெளியே எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். உங்கள் அண்ணனும் அச்சு அசலாகச் செய்தார், கூரை வரைக்கும். கூரையில்தான் அவருக்கு மனசு வரவில்லை. புதுத் தகரத்தில் ஓட்டை போட்டால் இந்த மழை சும்மா விடுமா? அடுப்புப் புகைக்குழாய்க்கு ஏற்கனவே ஒரு ஓட்டை இருக்கிறதே என்று, காற்றுக் குழாயைக் கொண்டுபோய்ப் புகைக்குழாயோடு சேர்த்துவிட்டார்.

"புகையும் மேலதான் போவுது, காத்தும் மேலதான் போவுது. ரெண்டும் ஒண்ணா போவட்டுமே" என்றார்.

"தாலி கட்டுன நாமளே ஒண்ணா போறதில்லையேங்க" என்றேன். காதில் வாங்கவில்லை.

ஆனால் குளுக் குளுக் நின்றது, வாடையும் குறைந்தது. சனிக்கிழமை டீச்சர் வந்தார். கொஞ்ச நஞ்ச வாடையும் தெரியக் கூடாது என்று, அடுப்பில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைத் திணித்து, மேலே கை நிறையச் சாம்பிராணியும் போட்டேன். வெளியே மூடுபனி, காற்று கீழே அமுக்குகிறது. டீச்சர் கால் கழுவக் குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருமல். கதவைத் திறந்தால், தரையில் தண்ணி போகிற ஓட்டையிலிருந்து குபுகுபு என்று, காற்றுக் குழாய் வழியாக இறங்கின சாம்பிராணிப் புகை, நடுவில் டீச்சர், தேர்ப் பவனியில் வருகிற மாதா மாதிரி. அந்த ஓட்டைக்குக் கீழே குழாய் வளைவில் எப்போதும் தண்ணி நின்றால்தான் உள்ளே இருப்பது மேலே வராது என்று நீங்கள் சொன்னது உண்மைதான். யாராவது அங்கே குளித்தால்தானே நிற்கும்? நான் குளிருக்குப் பயந்து அடுப்படியிலேயே குளிக்கிறேன், உங்கள் அண்ணன் பெருநாளுக்குப் பெருநாள்.

என் மகள் வர மாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். டீச்சர் கண்ணைத் துடைத்தார், தரையைப் பார்த்தார், "இது ஆரின்ர யோசனை?" என்று கேட்டார்.

உங்கள் அண்ணன், "கத்தார்ல இருக்குற என் தம்பி அனுப்புன படம்ங்க" என்று உங்களை மாட்டிவிட்டார்.

"நல்ல மூளை" என்றார் டீச்சர். "பிள்ளையைக் குளிக்க வாத்துப்போட்டு சாம்பிராணிச் சட்டி தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. லோஜினியை வாற கிழமையே கூட்டிக்கொண்டு வாறன்."

டீச்சர் போனதும் உங்கள் அண்ணன் கூரைக்குள் ஏறிப் பார்த்தால், அடுப்புச் சூட்டில் பிளாஸ்டிக் குழாய் வாடின வெற்றிலை மாதிரி தொங்குகிறது. அப்போதே பிரித்து, தகரத்தில் தனி ஓட்டை போட்டு, உங்கள் படப்படியே வெளியே எடுத்து, சுற்றித் தார் பூசினார். குளியலறை ஓட்டையில் நான் வாளி வாளியாகத் தண்ணி ஊற்றினேன். இப்போது வாடையும் இல்லை, சத்தமும் இல்லை. லோஜினிக்குப் போட்ட கட்டிலில் நானே படுத்து மோந்து பார்த்தேன், சவுக்கார வாசம்தான் வந்தது. அவளை வயிற்றில் சுமந்தபோது நான் மழையில் டோர்ச் பிடித்துக்கொண்டு லயத்துக் கக்கூசுக்கு நடந்தவள், தம்பி. அவளுக்கு அந்த நடை இல்லை. கேலியெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அதற்கு உங்களுக்குக் கோடி புண்ணியம்.

இனி இங்கே ஒரு குறையும் இல்லை. லீவு கேட்டு மல்லுக்கட்டாமல் நிம்மதியாக வேலையைப் பாருங்கள், ஞானஸ்நானத்துக்கு வந்தால் போதும். மாதா உங்களை வெயிலிலிருந்தும், உங்கள் சமையலிலிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத அண்ணி
சிசிலி

பி.கு: கடிதத்தை ஒட்டுகிற நேரம் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். லோஜினியோடு அவரும் வந்து, பிரசவத் துடக்குக் கழியும் வரை இங்கேயே தங்கப் போகிறாராம். யாழ்ப்பாணத்திலிருந்து சாம்பிராணி மூட்டையே அனுப்பச் சொல்லிவிட்டாராம். தினமும் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி அந்தத் தரைப் புகையில்தான் காட்ட வேண்டுமாம். உங்கள் அண்ணன் குழாய் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு, பழையபடி புகைக்குழாயோடு சேர்க்க மறுபடியும் கூரையில் ஏறிவிட்டார். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், எப்படியாவது லீவு எடுங்கள். படம் போதாது, ஆளே வர வேண்டும்.